புகையாத கரி

கடையைத் திறந்ததும் சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டுவதற்கு முன்பே லிங்கசாமி தராசைத் தட்டி எழுப்பிவிடுவார். சிவப்பு எண்கள் கண் சிமிட்டிப் பூஜ்யத்தில் வந்து நிற்க வேண்டும். பிறகு முத்திரை போட்ட படிக்கல்லை ஏற்றி, எடை சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பார். நீலகிரி மலையில் இருக்கும் அரவேணு கடைவீதியில் பாதிப் பேர் இந்த வேலையை வருஷத்துக்கு ஒரு முறை, அதுவும் அதிகாரி வருகிறார் என்று தெரிந்தால்தான் செய்வார்கள். லிங்கசாமிக்கு அது பல் விளக்குகிற மாதிரி.

அன்றைக்குக் காலையில் எண் ஓரிடத்தில் நிற்காமல் ஆடியது. பெஞ்சில் உட்கார்ந்து பன்னைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்த ஜீப் டிரைவர் இசக்கி எட்டிப் பார்த்தான்.

“என்ன அண்ணாச்சி, தராசுக்கும் குளிருதோ? இந்த நடுங்கு நடுங்குது!”

லிங்கசாமி தராசைத் தூக்கி மேசையின் மறு முனையில் வைத்தார். எண் அடங்கி நின்றது.

“தராசு பொய் சொல்லாது இசக்கி. பலகைதான் சாஞ்சிருக்கும். சந்தேகம் வந்தா தராசைத் தூக்கிப் போடக் கூடாது, இடத்தை மாத்திப் பாக்கோணும்.”

“இதை நம்ம இலை எடை போடறவங்ககிட்டச் சொல்லுங்க. அவங்க தராசு எந்த இடத்துல வெச்சாலும் நமக்குக் கொறைச்சுத்தான் காட்டுது.”

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் சிரிப்பு நீளவில்லை. பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்து வருஷங்கள் ஆகிவிட்டன. நல்ல காலத்தில் உருளைக்கிழங்கையும் முட்டைக்கோசையும் பிடுங்கி எறிந்துவிட்டுத் தேயிலை வைத்தவர்களில் லிங்கசாமியும் ஒருவர். இப்போது இலையை விற்றால் பறித்த கூலிக்கே காணாது. இலைச் சாக்குகள் மடித்தபடி பரணில் கிடந்தன. மகன் வசந்த்குமார் எலக்ட்ரீசியனாக இருந்த தேயிலைத் தொழிற்சாலை மூடப்பட்டதும், அவன் குன்னூரில் ஓர் ஓட்டலுக்கு வேலைக்குப் போய்விட்டான்.

லிங்கசாமி சும்மா இருக்கிற ஆள் இல்லை. தோட்டத்தில் வயதான செடிகளைத் தூரோடு பிடுங்கினார். கட்டைகளை அடுக்கி மண்ணால் மூடி, மூட்டம் போட்டுக் கரி சுட்டார். தேயிலைக் கட்டைக் கரி தட்டினால் கணீரென்று சத்தம் வரும், பற்றிக்கொண்டால் ஒரு பொழுது முழுக்கக் கனன்று நிற்கும், முக்கியமாக, புகையாது. கோத்தகிரியிலிருந்தெல்லாம் ஆள் தேடி வந்தது. இலை கைவிட்ட வீட்டைக் கரி தாங்கியது. ‘லிங்கசாமி கடைப் புகையாத கரி’ என்று பெயரே உண்டாகிவிட்டது. அந்தப் பெயரைக் காது குளிரக் கேட்பதில் அவருக்கு ஒரு சுகம்.

அன்றைக்கு வண்டியோடு வந்து நின்றவர் டக்ளஸ். பழைய பங்களா ஒன்றை வாங்கி, சுற்றுலாப் பயணிகளுக்கு அறை விடுகிறவர். லிங்கசாமிக்கு அவர்தான் பெரிய வாடிக்கை.

“கீழ இருந்து வர்றவங்களுக்கு நம்மூர்க் குளிர் தாங்கறதில்லீங்க. ரூமுக்கு ஒரு சட்டிக் கரி வெச்சுக் குடுத்தர்றோம். புகை மட்டும் வரக் கூடாது, ரிவ்யூல போட்டுக் கிழிச்சுப் போடுவாங்க.”

“நம்ம கரிய வெச்சுட்டு நெருக்கிக் கதவைச் சாத்திக்கலாமுங்க டக்ளஸ் சார். ஒரு இழை புகை வந்தாலும் மூட்டையத் திருப்பிக் கொண்டாங்க” என்றார் லிங்கசாமி.

ஊருக்கு இப்படி உத்தரவாதம் கொடுத்தவர், தன் வீட்டுக்கு மட்டும் வேறு மாதிரி நடந்துகொள்வாரா என்ன?

கடைக்குப் பின்னாலேயே வீடு. மகள் சுவாதி தலைப்பிரசவத்துக்கு வந்து, பெண் குழந்தை பெற்று, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தாள். சரிவைப் பார்த்த பின்புற அறையை அவளுக்கென்று ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். அவள் அம்மா மருதாம்பாள் அறையைக் கழுவித் துடைத்து, கட்டிலுக்கடியில் இரும்புச் சட்டியில் கரியைக் கனிய வைத்து, காற்று நுழையாதபடி ஜன்னலைச் சாத்திவிட்டாள். இந்த மலையில் பிள்ளை பெற்றவளை அப்படித்தான் பார்த்துக்கொள்வது. பச்சை உடம்பில் பனி பட்டால் அது ஆயுசுக்கும் போகாது என்பார்கள்.

குழந்தை பார்க்கச் சுவாதியின் மாமியார் தெய்வம்மா காரமடையிலிருந்து வந்திறங்கினாள். வந்தவள் சம்பந்தி வீட்டில் நாலு நாள் தங்கிப் போவதாக ஏற்பாடு. அதே நாளில் தாய்மாமன் சீரோடு வந்து சேர்ந்தான் வசந்த்குமார். தங்கச்சி பிள்ளைக்கு அண்ணன் வெள்ளி அரைஞாண் போடுவான், இல்லையென்றால் கொலுசாவது போடுவான் என்று எல்லோரும் அவன் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் தட்டில் எடுத்து வைத்தது வெள்ளையாய், வட்டமாய், உள்ளங்கை அகலத்தில் ஒன்று; எண் காட்டும் சின்னக் கண்ணாடி பதித்த பெட்டி இன்னொன்று.

தெய்வம்மா வட்டமானதைக் கையில் எடுத்து எடை பார்த்துவிட்டு லிங்கசாமியிடம் கேட்டாள்.

“ஏனுங்கண்ணா, பாத்தா வெள்ளியாட்ட இருக்குது, தூக்குனா பிளாஸ்டிக்கால்ல இருக்குது? என்னங்க இது?”

“இது புகை வந்தாக் கத்துமுங்க அத்தை. அந்தப் பெட்டி, கரிக்காத்து சேந்தாக் கத்தும். கார்பன் மோனாக்சைடும்பாங்க. எங்க ஓட்டல்ல ரூமுக்கு ரூம் மாட்டியிருக்கோம்” என்றான் வசந்த்குமார்.

“மாமன் சீரு மணியடிக்கும்னு இன்னைக்குத்தானப்பா பாக்கறேன். எங்கூரு மாரியம்மன் கோயில்ல மணி வெடிச்சுக் கெடக்குது, அதுக்கும் ஒண்ணு வாங்கிக் குடு கண்ணு!”

வீடே சிரித்தது. சுவாதிகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். லிங்கசாமிக்கு மட்டும் முகம் சுண்டிப் போயிற்று. கடைக்குள் போய், நகர்த்தத் தேவையில்லாத மூட்டைகளை நகர்த்திக்கொண்டிருந்தார். மகன் பின்னாலேயே வந்தான்.

“ஏன்டா, ஒரு கொலுசு வாங்க வக்கில்லைன்னா எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல? சம்பந்தியம்மா வாயில விழுகோணும்னு விதியா?”

“கொலுசு அடுத்த மாசங்கூடப் போடலாமுங்கப்பா. பாப்பா இந்த மாசந்தான் அந்த ரூமுக்குள்ள கெடக்குது.”

“அந்த ரூமுக்கு என்னடா கேடு?”

“கரிச்சட்டிய உள்ள வெச்சு அடைக்கக் கூடாதுங்கப்பா. அதுல வர்ற காத்து கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. தூங்கறவங்க அப்படியே போயிருவாங்களாம். எங்க மேனேஜர் படிச்சுப் படிச்சுச் சொல்றாரு.”

“புகையே இல்லாத கரியில காத்து எங்கிருந்துடா வரும்? உங்க மேனேஜர் எந்தூரு? மெட்ராஸா?”

மகன் வீட்டுக்குள் திரும்பினான். ஸ்டூலைப் போட்டு, வட்டமானதை நடைக்கூடத்துக் கூரையிலும், பெட்டியைச் சுவாதியின் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரிலும் மாட்டினான். கரிச்சட்டியை வெளியே எடுத்துவிட்டு ஹீட்டர் வைக்கச் சொன்னான். இருக்கிற கரண்டில் ஹீட்டரைப் போட்டால் பல்பு மஞ்சளாகிவிடுகிறது. பாதி நேரம் அந்தக் கரண்டும் இல்லை. கடைசியில் மருதாம்பாள் நடுவில் புகுந்து, “சட்டி இருக்கட்டும், ஜன்னலைக் கொஞ்சம் தெறந்து வெச்சுக்கறோம், நீ வேலைக்குக் கெளம்பு சாமி” என்று சமாதானம் சொல்லி அனுப்பினாள். வசந்த்குமார் அரை மனதோடு பஸ் ஏறினான்.

மறுநாள் குழந்தையைக் குளிக்க வைத்துச் சாம்பிராணி போட்டார்கள். நடைக்கூடத்து வட்டம் ஊரைக் கூட்டுகிற மாதிரி அலறியது. மத்தியானம் ரசத்துக்கு மிளகாய் தாளித்தபோது மறுபடியும் அலறியது. தெய்வம்மா அதற்கு ‘வாயாடி’ என்று பெயர் வைத்தாள். எதற்கும் வாய் திறக்காமல் சுவரில் உட்கார்ந்திருந்த பெட்டி ‘ஊமை’ ஆயிற்று.

வாயாடியைப் பார்த்ததும் லிங்கசாமிக்கு ஒரு யோசனை. நன்றாகக் கனிந்த தன் கரியை ஒரு சட்டியில் அள்ளி வந்து, அதற்கு நேர் கீழே வைத்தார். வீட்டார் வேடிக்கை பார்க்க, இடுப்பில் கை வைத்து நின்றார். வாயாடி வாயே திறக்கவில்லை.

“பாத்தயா மருதா! சாம்பிராணிக்குக் கத்துது, மொளகாய்க்குக் கத்துது, நம்ம கரிக்குக் கத்துல. மிஷினே சர்ட்டிபிகேட் குடுத்திருச்சு!”

அன்று முழுவதும் கடைக்கு வந்தவர்களிடம் இதையே சொன்னார். மகன் கொண்டுவந்த சீரில் இப்படி ஒரு லாபமாவது கிடைத்ததே என்று முந்தின நாள் அவமானம்கூடக் கொஞ்சம் ஆறியது. வாயாடி பார்ப்பது புகையை மட்டுந்தான் என்றும், தன் கரி புகையாது என்பதை மட்டுந்தான் அது சொன்னது என்றும் அவருக்கு உறைக்கவில்லை. மனிதனுக்குத் தனக்கு வேண்டிய சாட்சி கிடைத்துவிட்டால் குறுக்கு விசாரணை செய்யத் தோன்றுவதில்லை.

பிறகு வானிலை மாறியது. விடியும்போதே மழை. மழை விட்டால் மஞ்சு. எதிர்க் கடைப் பலகை தெரியாத அளவுக்கு மஞ்சு இறங்கி நின்றது. கரண்டு போய்விட்டது, கடைத் தராசு பேட்டரியில் ஓடியது. திறந்திருந்த ஜன்னல் வழியே ஈரக்காற்று கத்தி மாதிரி இறங்கவும், தெய்வம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“பெத்த ஊட்டுல ஆராச்சும் சன்னலைத் தெறந்து போடுவாங்களா? எங்க புள்ளைக்கு ஒண்ணுன்னா நான் எம்பையனுக்கு என்ன பதில் சொல்லுவேன்?”

அந்தப் பேச்சுக்குப் பிறகு ஜன்னல் திறந்திருக்க முடியுமா? மருதாம்பாள் ஜன்னலை இழுத்துச் சாத்தினாள். மரச்சட்டம் நனைந்து வளைந்திருந்ததால் இடுக்கு விட்டது. லிங்கசாமி பரணில் சும்மா கிடந்த இலைச் சாக்குகளை எடுத்து வந்து, இடுக்கெல்லாம் தன் கையாலேயே திணித்து அடைத்தார். கதவுக்கடியிலும் ஒன்றை மடித்து வைத்தார்கள்.

சாப்பாட்டு நேரத்துக்குச் சுவாதிக்குத் தலை கனத்தது.

“அம்மா, தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. கொமட்டிக்கிட்டே வருது.”

“காத்துப் பட்டிருக்குது. அப்பவே நெனச்சேன்” என்றாள் தெய்வம்மா.

மருதாம்பாள் கடைக்கு வந்து நின்றாள். “ஏனுங்க, புள்ளைக்குக் குளுரு ஏறிக்கிச்சாட்ட இருக்குது. நல்ல கரியா இன்னும் கொஞ்சம் போட்டுக் குடுங்க.”

லிங்கசாமி மூட்டையில் இருந்ததிலேயே கெட்டியான துண்டுகளாகப் பொறுக்கினார். வெளியே வைத்து ஊதி ஊதி, கடைசிப் புகையும் அடங்கிச் செக்கச் செவேலென்று ஆன பிறகே சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மகள் அறையில் வைத்தார். அந்த இளஞ்சூட்டில் குழந்தை சமத்தாகத் தூங்கிக்கொண்டிருந்தது. பாலுக்குக்கூட அழவில்லை. “பாருங்க, சூடு பட்டதும் எம்பேத்தி எப்படித் தூங்கறா” என்றாள் தெய்வம்மா. சொன்னவளும் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். மழை நேரத்துத் தூக்கம் என்று லிங்கசாமி கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தார்.

கடையில் வந்து உட்கார்ந்து, ஒருவருக்குச் சர்க்கரை நிறுத்துக் கொடுத்திருப்பார். உள்ளேயிருந்து ஒரு சத்தம். வாயாடியின் சத்தம் இல்லை அது. விட்டு விட்டு, காதைக் குத்துகிற மாதிரி வேறொரு குரல். ஊமை பேசியது.

லிங்கசாமி எரிச்சலோடு எழுந்து போனார். நடைக்கூடத்தில் வாயாடி சும்மா இருந்தது. அறைக்குள் ஒரு பொட்டுப் புகை இல்லை. சட்டியில் கரி செந்தாமரை மாதிரி கனன்றது. பெட்டி மட்டும் சுவரில் கத்திக்கொண்டிருந்தது; கண்ணாடியில் மூன்று இலக்கத்தில் ஏதோ ஓர் எண்.

“புகையே இல்ல, எதுக்குக் கத்துது இந்தச் சனியன்? புள்ள முழிச்சுக்கும்” என்று பெட்டியைச் சுவரிலிருந்து பிடுங்கி, துண்டுக்குள் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தார். அலாரம் அடித்தும் குழந்தை விழிக்கவில்லை என்பது அந்த நேரத்தில் அவருக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

கடை மேசையில் வந்து வைத்த கொஞ்ச நேரத்தில் பெட்டி தானாக அடங்கியது. எண் இறங்கி இறங்கிப் பூஜ்யத்தில் நின்றது. மழைக்கு ஒதுங்கியிருந்த இசக்கி குனிந்து பார்த்தான். இந்தப் பக்கம் தராசு, பூஜ்யம். அந்தப் பக்கம் பெட்டி, பூஜ்யம்.

“என்ன அண்ணாச்சி, புதுத் தராசா?”

“எம்பையன் போட்ட சீரு. புகை வந்தாக் கத்தறது ஒண்ணு, வராமயே கத்தறது இது ஒண்ணு. பேட்டரியக் கழட்டி எறியப் போறேன்.”

“கழட்டுறதுக்கு முன்னால இடத்தை மாத்திப் பாத்தீங்களா?” என்று சிரித்தான் இசக்கி. “ஊருக்கெல்லாம் அதைத்தான சொல்லுவீங்க!”

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் பேட்டரி மூடியில் இருந்த லிங்கசாமியின் விரல் அப்படியே நின்றது. எத்தனையோ வருஷத்துப் பழக்கம். ஆடுகிற தராசைக் கண்டால் தானாகக் கை செய்கிற வேலை. பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார். சமையற்கட்டில் வைத்தார். பூஜ்யம். நடைக்கூடத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். எண் லேசாக அசைந்தது. மகள் அறைக் கதவைத் திறந்து உள்ளே நீட்டினார். எண் மளமளவென்று ஏறியது. நூறைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. பெட்டி அலறத் தொடங்கியது.

தராசு பொய் சொல்லாது. பலகைதான் சாய்ந்திருக்கிறது.

அப்போதுதான் அவர் தன் மகளைச் சரியாகப் பார்த்தார். முகம் சிவந்து, வாயோரம் எச்சில் வழிய, ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கியபடி கிடந்தாள். “சுவாதி! அம்மிணி!” என்று உலுக்கினார். இமை பாதி திறந்து மூடிக்கொண்டது. நாற்காலியில் இருந்த தெய்வம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், நாக்கு புரளவில்லை. குழந்தை அதே சமத்தோடு கிடந்தது.

லிங்கசாமி குழந்தையை வாரி எடுத்தார். ஸ்வெட்டருக்குள் பொதிந்துகொண்டு திரும்பினால், வாசலில் மருதாம்பாள் இரண்டு கையையும் விரித்து மறித்துக்கொண்டு நிற்கிறாள்.

“ஏனுங்க, எங்க கொண்டு போறீங்க? வெளிய மழை! பச்சைப் புள்ளைங்க அது! உங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா?”

“மழையில போனாச் சளி புடிக்கும். இதுக்குள்ள இருந்தா உசுரே போயிரும். நகரு மருதா!”

அவர் மனைவியிடம் அப்படிக் குரலை உயர்த்தியதே இல்லை. அவள் விலகினாள். “இசக்கி! உள்ள வா! அம்மிணியத் தூக்கு!” என்று கத்திக்கொண்டே கடையைத் தாண்டி, மேசையைத் தாண்டி, தூறலும் மஞ்சுமாக இருந்த தெருவில் வந்து நின்றார். பிள்ளை பெற்ற வீட்டு விதிகள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மீறியாயிற்று. நெஞ்சோடு இருந்த பொட்டலத்தில் அசைவில்லை.

“அழு சாமி. அழு கண்ணு. அப்பிச்சி சொல்றேனில்ல, அழு.”

ஈரக்காற்று குழந்தையின் முகத்தில் அடித்தது. மூக்குச் சுருங்கியது. உதடு கோணியது. பிறகு எங்கிருந்தோ பிடித்து இழுத்து வந்த மாதிரி ஓர் அழுகை. மெலிதாகத் தொடங்கிய அது அடுத்த மூச்சில் வீறிட்டது. எதிர்க் கடைக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அதற்கு முன்னும் பின்னும் லிங்கசாமி எத்தனையோ நாதஸ்வரமும் மேளமும் கேட்டிருக்கிறார். அப்படி ஒரு வாத்தியத்தை அவர் கேட்டதில்லை.

இசக்கி சுவாதியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். அக்கம்பக்கத்தார் தெய்வம்மாவைத் தாங்கி வந்து உட்கார வைத்தார்கள். மருதாம்பாள் அப்போதுதான் தனக்கும் காலையிலிருந்து தலை வலிப்பதைச் சொன்னாள். யாரோ ஜன்னலில் இருந்த சாக்குகளைப் பிடுங்கி எறிந்து, சட்டியை இடுக்கியால் தூக்கி மழையில் கவிழ்த்தார்கள். இசக்கியின் ஜீப் பக்கத் தார்ப்பாயைச் சுருட்டிவிட்டு, காற்று உள்ளே அடிக்க அடிக்க ஆஸ்பத்திரிக்குப் பறந்தது. “இத்தனை வருசமா ஓட்டை ஜீப்புன்னு வைதீங்க அண்ணாச்சி, இன்னைக்கு அந்த ஓட்டைதான் மருந்து!” என்று வழி நெடுக அவனே பேசிக்கொண்டு வந்தான். 

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். டாக்டரம்மா கரிச்சட்டி என்ற சொல்லைக் கேட்டதுமே தலையில் அடித்துக்கொண்டாள்.

“புகை வந்தா இருமுவோம், கண் எரியும், எந்திரிச்சு ஓடிருவோம். இது அப்படி இல்லீங்க. ரத்தத்துல பிராணவாயு உக்கார வேண்டிய எடத்துல இது போய் உக்காந்துக்கும். தலைவலி வரும், வாந்தி வரும், தூக்கம் வரும். நீங்க குளுருன்னு நெனச்சு இன்னும் கரி போடுவீங்க. பச்சைக் கொழந்தை எவ்வளவு தாங்கும்? ஆரு கண்டுபிடிச்சது?”

 லிங்கசாமி கையில் இன்னும் அந்தப் பெட்டி இருந்தது. எப்போது எடுத்து வந்தார் என்று அவருக்கே தெரியாது. அதை நீட்டிக் காட்டினார்.

“எம்பையன்” என்றார்.

மறுநாள் சுவாதி எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள். குழந்தை பாலுக்கு அழுது வார்டையே எழுப்பியது. ஒவ்வோர் அழுகைக்கும் தெய்வம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். டாக்டரம்மா எல்லாச் சோதனையும் செய்து, ஒரு குறையும் இல்லை என்று சொல்லி அனுப்பினாள்.

குழந்தைக்குப் பெயர் வைத்த அன்று வெயில் அடித்தது. அரவேணுவே அந்தக் கடை வாசலில் கூடியிருந்தது. வசந்த்குமார் இந்த முறை வெள்ளிக் கொலுசு வாங்கி வந்திருந்தான். அதைத் தட்டில் வைக்கப் போனவனைத் தெய்வம்மா தடுத்தாள்.

“இரு கண்ணு. மொதல்ல வெக்க வேண்டியத மொதல்ல வெக்கோணும்.”

உள்ளே போய் அந்தப் பெட்டியை அவளே எடுத்து வந்தாள். மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, பூவும் பழமும் இருந்த பித்தளைத் தட்டின் நடுவில் வைத்தாள். வந்திருந்தவர்கள் எல்லோரும் கேட்கும்படி சொன்னாள்.

“நானும் எத்தனையோ சீரு பாத்துட்டேன். பவுன் போட்ட மாமன் உண்டு, வெள்ளி போட்ட மாமன் உண்டு. உசுரைச் சீராப் போட்ட மாமன் இந்த வசந்துதான். அன்னைக்குச் சிரிச்ச வாய் இது. இன்னைக்கு இந்த வாயாலயே சொல்றேன், எங்க ஊட்டுக்கும் ஒண்ணு வாங்கிக் குடு சாமி. மாரியம்மன் கோயில் மணி அப்புறம் பாத்துக்கலாம்.”

கூட்டம் சிரித்தது. வசந்த்குமார் தலையைச் சொறிந்துகொண்டு அப்பாவைப் பார்த்தான். லிங்கசாமி மகன் தோளில் கை வைத்தார்.  அந்தக் கை வெகுநேரம் அங்கேயே இருந்தது.

பந்தி நடந்துகொண்டிருந்தபோது டக்ளஸின் வண்டி வந்து நின்றது. சீசன் தொடங்கிவிட்டது. வழக்கத்தைவிட இரண்டு பங்கு மூட்டை வேண்டுமென்றார்.

லிங்கசாமி எழுந்து கடைக்கு வந்தார். தேயிலை இன்னும் தூக்கி நிறுத்துகிற விலைக்கு வரவில்லை. இந்த ஒரு வாடிக்கை போனால் மூட்டத்தையே அணைத்துவிட வேண்டியிருக்கும். அது அவருக்குத் தெரியும்.

“வெளிய முற்றத்துல வெச்சுக் காயறதுக்குன்னா எத்தனை மூட்டை வேணும்னாலும் எடுத்துக்குங்க சார். ரூமுக்குள்ள வெக்கறதுக்குன்னா ஒரு துண்டுகூடக் குடுக்க மாட்டேனுங்க.”

டக்ளஸ் திகைத்தார். “என்னங்க லிங்கசாமி, நீங்கதான கதவைச் சாத்திக்கலாம்னீங்க? நம்ம கரி புகையாதுன்னீங்க?”

“சொன்னேனுங்க. புகையாதது நெசந்தான். அதுதான் ஆபத்தும். புகை கத்திச் சொல்லீட்டு வர்ற திருடன். இது சத்தமில்லாம வந்து பக்கத்துல படுத்துக்கற திருடன். உங்க கெஸ்ட்டு ரிவ்யூ எழுதறதுக்கு மொதல்ல காலையில எந்திரிக்கோணுமில்லீங்க?”

டக்ளஸ் சிரிக்கத் தொடங்கி, லிங்கசாமியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வாசலில் இருந்த தட்டையும், அதன் நடுவில் குங்குமப் பொட்டோடு உட்கார்ந்திருந்த பெட்டியையும் பார்த்தார். இசக்கி அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, நடந்ததை ஜீப்பின் பெருமையையும் சேர்த்துச் சொல்லி முடித்தான்.  போன வாரம் தன் அறையில் தங்கிய ஒரு குடும்பம், பிள்ளைகளுக்குத் தலைவலி என்று விடியுமுன் கிளம்பிப் போனது டக்ளஸுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“முற்றத்துக்கு மட்டும் ரெண்டு மூட்டை ஏத்துங்க. வசந்த், ரூமுக்கு ரூம் மாட்டறதுக்கு நீ எப்பப்பா வருவே? நீ மாட்டி முடிக்கற வரைக்கும் சட்டி எதுவும் உள்ள போகாது.”

“மாட்டினதுக்கு அப்புறமும் போகக் கூடாதுங்க சார். இது காவல்தான். திருடனை நாமளே கூப்பிட்டு உள்ள விடக் கூடாது” என்றான் வசந்த்குமார்.

அன்று மாலையே வசந்த்குமாரிடம் பெட்டி வேண்டுமென்று சொல்லி வைத்தவர்கள் கடைவீதியில் இன்னும் சிலர். இப்போது லிங்கசாமி கடையில் கரி வாங்குகிற யாரும் எடையை மட்டும் வாங்கிக்கொண்டு போக முடியாது. பூஜ்யத்தில் நிற்கிற தராசுக்குப் பக்கத்தில், பூஜ்யத்தில் நிற்கிற இன்னொரு பெட்டியைக் காட்டுவார். ஒவ்வொருவரிடமும் சலிக்காமல் இதையே சொல்லுவார்:

“நெருப்பில்லாமப் புகையாதுன்னு நம்ம பெரியவங்க சொன்னது சரிதானுங்க. ஆனாப் புகையாத நெருப்பும் ஆளைக் கொல்லும். மூடின ரூமுக்குள்ள கரியோ வெறகோ வெக்காதீங்க. நம்ம கண்ணும் மூக்கும் ஏமாந்து போற எடத்துல ஏமாறாம முழிச்சுக்க ஒண்ணைச் சுவத்துல மாட்டி வையுங்க. அது கத்துனா, பேட்டரியக் கழட்டாதீங்க. கதவைத் தெறந்து, புள்ளையத் தூக்கிட்டு வெளிய ஓடுங்க.”